ஆலா விழுந்த காலை

படம் எடுப்பதற்கு முன்னால் ரஞ்சிதா அக்கா ஒரே ஒரு விரலைத் துடைப்பார். வலது கை ஆள்காட்டி விரல். மற்ற விரல்களில் மீன் செதில் ஒட்டியிருக்கும், உப்பு காய்ந்து வெளுத்திருக்கும். அதெல்லாம் அப்படியே இருக்கும். கேமரா வாரில் பழைய பனியன் துணி ஒன்றை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். அந்தத் துணியில் விரலை வைத்து, தீக்குச்சி உரசுவதுபோல ஓர் இழுப்பு. பிறகு விரல் நுனியை வாயருகே கொண்டுபோய் ஓர் ஊது. அதற்கப்புறம்தான் பொத்தானைத் தொடுவார். லென்ஸைச் சுற்றி ஒரு பால் கவர், இரண்டு பக்கமும் வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருக்கும். உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து ஒருமுறை அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டன. அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. அதிலிருந்து இந்தப் பழக்கம்.

"நீங்க தொடைக்கறதுக்குள்ள பறவ பறந்து போயிடாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பூட்டா பூடுது. அது இன்னா என் புருசனா, சாயந்திரம் வூட்டுக்கு வர்றதுக்கு?"

கடப்பாக்கத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது அவருடைய குப்பம். அவர் வேலை கருவாடு போடுவது. கணவர் மாயவன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட் போடும் கடையில் நான் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை அக்கா மெமரி கார்டைக் காகிதத்தில் விபூதிப் பொட்டலம்போல மடித்துக் கொண்டுவருவார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் அன்று முழுக்கக் கடையில் நெத்திலி வாசனை.

கேமரா வந்தது திருக்கழுக்குன்றத்திலிருந்து. அங்கே கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் லோகு, அக்காவுக்குச் சித்தப்பா மகன். புதிது வாங்கியபோது பழைய ஜூம் கேமராவை, "காதுகுத்து, மஞ்சத்தண்ணின்னு வந்தா எடு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டான். இன்றுவரை அக்கா ஒரு காதுகுத்தையும் எடுத்ததில்லை. முதல் படமே, அவர் காயப்போட்ட வாளை மீனை ஒரு செம்பருந்து கிழித்துத் தின்றுகொண்டிருந்த படம். பருந்தின் கண்ணும் வாளையின் கண்ணும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாளை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, பருந்தின் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்தால் பறவைகள் வந்துவிடும். கோட்டைக்குப் பின்னால் உப்பங்கழியில் பூநாரை, உள்ளான், கூழைக்கடா. கடல்பக்கம் ஆலா. அவை வரும் அதே மாதங்களில்தான் வெயிலுக்குப் பஞ்சம். மழைக்கும் மழைக்கும் நடுவில் வானம் கொஞ்சம் கண் திறந்தால், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சிமெண்ட் களத்துக்கு ஓடுவார்கள். அந்தக் களத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். வெயில் இருக்கும்போதே மீனைப் பரப்ப வேண்டும், திருப்ப வேண்டும், கையில் குச்சியோடு காக்காயையும் கொக்கையும் விரட்ட வேண்டும். ரஞ்சிதா அக்கா மட்டும் குச்சி எடுப்பதில்லை. தன் இடத்தின் வடக்கு மூலையில் ஒரு தெர்மாகோல் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் மீன் குடலையும் நசுங்கிய மீனையும் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொள்வார். பறவை இறங்கும். விரலைத் துடைப்பார்.

பக்கத்து இடம் சந்திரம்மாவுடையது. ஊரில் பெரிய குரல். பேரனை வீடியோ காலில் பார்ப்பதற்கென்றே ஒரு போன் வைத்திருப்பவர்.

"ஏண்டி, திருக்கழுக்குன்றத்துக்கே கழுகு வர்றது நின்னு பூச்சி. நீ இங்க பந்தி வெச்சிக்கினு கீற! துன்னுட்டு எழுந்து என் கருவாட்டுலதான வந்து கைய கழுவுது?"

"உன் கருவாட்ட அது மோந்துகூட பாக்காது யக்கா. அவ்ளோ உப்பு."

"வாய பாரு! படம் புடிக்கிறாளாம் படம். என்னிய ஒரு தபா புடிச்சியாடி?"

"நீ ஒரு எடத்துல நிக்க மாட்ட. பறவகூட நிக்குது."

"நிக்கிறேன், புடி. மூக்குத்திய தொடச்சிக்கினு வர்றேன்."

இப்படி நாள் முழுக்க நடக்கும். திட்டி முடித்ததும், "எங்க, காட்டு" என்று கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்ப்பதும் சந்திரம்மாதான். அந்தத் திரையைப் போனில் பிடித்துத்தான் அக்கா வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார். கேமராவிலிருந்து படத்தை வெளியே எடுக்க அவருக்கு வேறு வழி என் கடைதான். திரைக் கண்ணாடியில் வானமும் மேகமும் அவர் முகமும் சேர்ந்தே விழுந்திருக்கும். கொக்குக்குள் ஒரு பெண் நிற்பதுபோல இருக்கும் சில நாட்களில்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அதற்கு அவர் ஒரு காரணமும் சொல்லிக்கொண்டதில்லை. "ஒண்ணுமில்ல. புடிச்சிருக்கு" என்பார்.

கார்த்திகையில் அது ஒரு சண்டையாக மாறியது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்பவர் யாராக இருந்தாலும், கடலில் ஆலாக்கள் கூட்டமாகத் தலைகுப்புற விழுவதைப் பார்த்தால், உடனே கையில் இருக்கும் துணியைத் தூக்கி வீசிக் கூவ வேண்டும். துண்டோ, லுங்கியோ, முந்தானையோ, எதுவானாலும். ஆலா விழுகிற இடத்தில் அடியில் மீன் கூட்டம் இருக்கும். துணி பறந்தால் போட்டுகள் இறங்கும். நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட அங்கே இது தெரியும்.

புயல் எச்சரிக்கை என்று போட்டுகள் பல நாட்களாகக் கரையிலேயே கிடந்தன. எச்சரிக்கை நீங்கிய காலை. ஆண்கள் டீக்கடையிலும் வலைக் கொட்டகையிலும் இருந்தார்கள். கோட்டையின் இடிந்த சுவருக்கு அப்பால், கழி கடலோடு சேரும் இடத்தில் ஆலாக்கள் விழுந்தன. ஒன்றிரண்டு அல்ல, வானத்திலிருந்து யாரோ கை நிறைய அள்ளி வீசுவதுபோல. அதைப் பார்த்தது ரஞ்சிதா அக்கா. அவர் விரலைத் துடைத்தார்.

கரையில் வேறு யாரோ பார்த்துக் கூவியபோது, தெற்கே இருக்கும் இன்னொரு ஊரின் போட்டுகள் அந்த இடத்தை வளைத்து வலை போட்டிருந்தன. அவ்வளவும் மத்தி வகையில் கவலை மீன். ஏலம் எடுக்கும் இடத்தில் அந்த ஊர்க்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "உங்க ஊர்ல புடிச்ச படத்த பாத்துட்டுதான் வந்தோம். ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிடுங்க!"

அன்று மாலையே வலைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். பிரிண்ட் போட்ட படங்களை அக்காவிடம் கொடுக்கப் போயிருந்த நான், கொட்டகைக்கு வெளியே ஏற்றி வைத்திருந்த ஒரு போட்டுக்குப் பின்னால் நின்றேன். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொட்டகைக் கம்பங்களை ஒட்டி நின்றார்கள்.

முதலில் பேசியது சந்திரம்மா. "நான் அப்பவே சொன்னேன். என் கருவாட்டுல பாதி காக்கா வயித்துல கீது. கேட்டா படம்ன்றா. ஊரு சோத்துக்கு பேஜாராவுது, இவ பறவைக்கு நாஸ்தா வெக்கிறா!"

பெண்கள் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் வரதன் கையை உயர்த்தினார். மெதுவாகப் பேசுகிறவர், அதனால் எல்லாரும் குனிந்து கேட்பார்கள்.

"ரஞ்சிதா, இப்பிடி முன்ன வா. ஆலா விழுந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"துணி வீசுனியா?"

"இல்ல."

"ஏம்மா?"

"படம் புடிச்சிக்கினு இருந்தேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் பூபாலனின் குரல் மேலே வந்தது. புதிதாக போட்டு வாங்கி, அதை இன்னும் முழுதாக ஒரு மாதம்கூட ஓட்டாதவன்.

"அண்ணி, ஊரே வெறுங்கையா உக்காந்துகினு இருந்துது. ஆலா விழுந்தா மீனுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் பூபாலா. நானும் கரையில பொறந்தவதான். ஆனா காத்தால அது எனக்கு மீனா தெரியல. ஆலாவாதான் தெரிஞ்சிது."

"அப்ப ஆலாவயே கொழம்பு வெச்சி துன்னு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"துணி வீசாதது தப்பு" என்றார் அக்கா. "இல்லன்னு சொல்லல. அதுக்கு ஊரு இன்னா சொல்லுதோ கட்டுப்படறேன்."

வரதன் தலையசைத்தார். "அது ஒண்ணு. படம் எப்பிடி அந்த ஊருக்குப் போச்சி? ஸ்டேட்டஸ் வெச்சியா?"

"படம் நான் புடிச்சது."

"அத்த கேக்கல. யாருக்கு அனுப்புன?"

"நான் புடிச்ச படம்னு சொல்றேன் இல்ல. அதுக்கு மேல இன்னா வோணும்?"

"அங்க உன்கூட யாருனா இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"போன காட்டும்மா, தெரிஞ்சிட்டுப் போவுது."

"காட்ட மாட்டேன்."

சந்திரம்மாவின் குரல் வெகுநேரமாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். கத்தித் தொண்டை வறண்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். "கருவாட்ட மூடாம வந்துட்டேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு அவர் கிளம்பினார். வானமும் கிழக்கே கறுத்துத்தான் இருந்தது.

பஞ்சாயத்தார் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். தீர்ப்பு இது: தை பிறக்கும்வரை கேமராவைக் கோயில் அறையில் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் களத்தில் ரஞ்சிதாவுக்கு இடம் கிடையாது. மழைக்காலத்தில் களம் இல்லாமல் கருவாடு போடுவது என்பது, கூரை இல்லாமல் குடும்பம் நடத்துவதுபோல. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"மாயவா, நீ இன்னா சொல்ற?" என்றார் வரதன்.

மாயவன் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கும் மீன் இல்லை. "நான் இன்னாத்த சொல்றது. எனக்கும் கோவந்தான். ஆனா கேமராவ நான் போய் புடுங்க மாட்டேன். புடுங்குனா கடிப்பா."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோபம் கொஞ்சம் இறங்கியது. வரதன் அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் குரல் இன்னும் மெதுவாக இருந்தது.

"சரி, ஒண்ணு பண்ணலாம். கேமராவ குடுக்கவும் வோணாம், பூட்டவும் வோணாம். காலைல நீ கடல படம் புடி. உன் கேமராவுக்குத் தூரத்துல கீறதும் தெரியுது. ஆலா எங்க விழுதோ, மொதல்ல நம்ம போட்டு குரூப்புல போடு. வேற எவனுக்கும் காட்டாத. களத்துல உன் எடம் உனக்கே. உன் படத்தால ஊருக்கும் ஒரு உபயோகம் ஆச்சி. இன்னா சொல்ற?"

"ஐய, சூப்பரு!" என்றான் பூபாலன். மாயவன் தலையைத் தூக்கினார். மாலை முழுக்க அவர் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது. எனக்கும் நல்ல முடிவாகத்தான் பட்டது.

ரஞ்சிதா அக்கா வாரில் கட்டியிருந்த துணியில் ஆள்காட்டி விரலை இழுத்தார். எடுக்க அங்கே ஒரு பறவையும் இல்லை.

"துணி வீசறது என் பொறுப்பு. இனிமே கண்ணுல பட்டா வீசறேன், தொண்ட கிழிய கூவறேன். ஆனா இது" என்று கேமராவைத் தொட்டார், "இது ஊருக்கு வேல பாக்காது. நான் பாக்கறேன். காத்தால எழுந்தா மீனு வேல, வூட்டு வேல, ஊரு வேல. என் வூட்ல கீற எல்லாமே எதுக்குனா ஆவுது. கத்தி மீன வெட்டுது, சட்டி சோறு ஆக்குது, புருசன் கடலுக்குப் போறான். இது ஒண்ணுதான் எதுக்கும் ஆவாம கீது. அத்த அப்பிடியே வுட்டுடுங்க."

"எதுக்கும் ஆவாத ஒண்ணுக்கா களத்த வுடுவ?"

"வுடறேன்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு நடந்தார். போட்டுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும், "படம் கொண்ணாந்தியா? குடு" என்று வாங்கி, நைட்டிமேல் போட்டிருந்த துண்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கழி ஓரத்து மணலில் பழைய வலையை விரித்து மீனைப் பரப்பினார். காற்று மண்ணைத் தூக்கி மேலே போடும். நாய்கள் வரும். அடியிலிருந்து ஈரம் ஏறும். மண் கடிக்கிற கருவாட்டை வியாபாரி முகம் சுளித்துக்கொண்டுதான் எடுப்பான். இரண்டு தடவை மழை முந்திக்கொண்டு, எல்லாம் புழு வைத்து, குழி தோண்டிப் புதைத்தார். அதே வாரங்களில் கடைக்கு வந்த கார்டுகளைத் திறந்தபோது, நான் எழுந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மழைக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகள், காற்று வரும் பக்கம் முகம் வைத்து வரிசையாகத் தூங்கும் ஆலாக்கள், புழு வைத்த மீனை எடுக்க வந்து எடுக்காமல் நிற்கும் ஓர் உள்ளான். களத்தில் இருந்திருந்தால் அவற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் போயிருக்க முடியாது.

"வருத்தமா இல்லியாக்கா?"

"கருவாட்டுக்கு வருத்தம். இன்னா பண்றது, பொறந்த நேரம் அப்பிடி."

"வூட்ல?"

"உங்க மாமா பேசறதில்ல. ஆனா நாய வெரட்ட காத்தால அவருதான் வந்து குந்திக்கினு கீறாரு."

மார்கழியில் ஒருநாள் மறுபடி ஆலா விழுந்தது. அக்கா துண்டை வீசிக் கூவிய கூவல் டீக்கடை வரைக்கும் கேட்டதாம். போட்டுகள் இறங்கி, நிறைய மீனோடு திரும்பின. பூபாலன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு கழி ஓரத்துக்கே போய் இறக்கினான். "என் பங்கு, வெச்சிட்டுப் போ" என்றாராம் அக்கா. நன்றியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரக் கார்டில் ஒரே ஒரு படம் மட்டும் ஆடிப்போய் இருந்தது. வானமும் கடலும் கலங்கி, குறுக்கே வெள்ளைக் கோடுகள். ஒரு கையில் துண்டை வீசிக்கொண்டே மறு கையால் எடுத்திருக்கிறார்.

"இதுதான் ஊருக்கு எடுத்த படம். வோணும்னா வரதன் மாமாவ கோயில்ல மாட்டிக்கச் சொல்லு" என்றார்.

களத்தில் காலியான அவருடைய இடத்தைப் பஞ்சாயத்தார் பக்கத்து இடத்துக்காரரான சந்திரம்மாவுக்கே கொடுத்திருந்தார்கள். வெயில் அவ்வளவு அரிதான நாட்களிலும் சந்திரம்மா அங்கே ஒரு மீனைக்கூட வைக்கவில்லை. தன் இடத்திலேயே மேலும் கீழுமாக நெருக்கிப் பரப்பிக்கொண்டார். தெர்மாகோல் மூடி அதே மூலையில் கிடந்தது. காக்காய்கள் வந்து உட்கார்ந்து, ஒன்றும் இல்லாததைக் கொத்திவிட்டுப் போயின. "ரஞ்சிதா வளத்த காக்கா அது. எடத்த எடுத்தா சும்மா வுடுமா?" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். பெரிய குரல்காரர் அதற்கு ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால், யாரும் கேட்காமலே, ரஞ்சிதா அக்காவின் வலையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்தவரும் அவர்தான். வரதன் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் போனார். அக்கா கழுத்தில் கேமராவோடு வந்து உட்கார்ந்தார். சந்திரம்மாவின் முரட்டு மனசு இளகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாசியில் ஓர் இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். புது வீடு கட்டியிருக்கிறார்களாம், சுவரில் மாட்ட ஒரு படத்தைப் பெரிதாகப் போட வேண்டுமாம். போனை நீட்டினாள். கேமரா திரையைப் போனில் பிடித்த படம். கோட்டைச் சுவருக்கு அப்பால் வானம் முழுக்க ஆலாக்கள் விழுந்துகொண்டிருந்தன.

"இது உங்களுக்கு யாரு அனுப்புனாங்க?" என்றேன்.

"எங்கம்மா. சந்திரம்மான்னு, கோட்டப் பக்கத்துக் குப்பம். என்னிய தெக்க கட்டிக்குடுத்துக்கீது. என் பேரு அன்பரசி." பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். "'நம்ம ரஞ்சிதா புடிச்சது, இப்பத்தான் புடிச்சா, எப்பிடி கீது பாரு'ன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. நான் பாக்கறதுக்குள்ள எங்க வூட்டுக்காரு பாத்துட்டு போட்டுக்கு ஓடிட்டாரு. அன்னிக்கு மீனுண்ணா, அவ்ளோ மீனு!"

பிரிண்டுக்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். கோட்டைச் சுவர் கறுப்பாக விழுந்திருந்த பகுதியில், கேமராவின் திரைக் கண்ணாடியில் பிரதிபலித்து, குனிந்து சிரிக்கும் ஒரு முகம், ஒரு மூக்குத்தி. ஓரத்தில், சந்திரம்மாவுக்குத் தெரியும்படி கேமராவைத் திருப்பிப் பிடித்திருந்த கை. அந்தக் கையின் எல்லா விரல்களிலும் செதில் ஒட்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் மட்டும் இல்லை.